இரண்டாவது குழாயில் வரும் தண்ணீர்

உப்பகற்றும் ஆர்.ஓ. மிஷின் இருக்கும் கொட்டகைக்கு முன்னால் ஒரு குழாய் இருக்கும். குடங்களும் கேன்களும் அங்கே வரிசை கட்டி நிற்கும். கொட்டகைக்குப் பின்னால் இன்னொரு குழாய் உண்டு. அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் அந்தப் பின்பக்கத்துக்குப் போனேன். தரை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. சீமைக்கருவேலங்கூட ஒதுங்கித்தான் நின்றது. மிஷினுக்குத் தண்ணீர் தரும் போர், அந்த வெள்ளைத் தரையிலிருந்து இருபது தப்படிகூட இல்லை. குடத்தோடு வந்திருந்த ஒரு பாட்டி சொன்னார்: "தம்பி, வர்றவுக எல்லாம் நல்ல தண்ணிக் குழாயத்தான் பாத்துட்டுப் போறாக. இந்தத் தண்ணி எங்க போகுதுன்னு ஒருத்தரும் கேக்கல. போர் போட்ட புதுசுல வாயில வைக்கலாம். இப்ப துப்பணும்."

அவருக்குப் புரிந்தது மிஷினை அமைத்தவர்களுக்குப் புரியவில்லை. பின்னால் கொட்டிய உப்புநீர் மணலுக்குள் இறங்கி, அதே போருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தான் துப்பியதையே மிஷின் மறுபடி குடித்தது. போரில் உப்பு ஏற ஏற மோட்டாருக்கு மின்சாரம் கூடியது, உப்பை வடிகட்டும் மெம்பரேன் சீக்கிரம் அடைத்தது, நல்ல தண்ணீர் குறைந்தது. குடிநீர் மிஷின் நிலைப்பதும் கெடுவதும் இந்த இரண்டாவது குழாயைப் பொறுத்தது. ஆகவே இந்த அத்தியாயத்தை மிஷின் வாங்குவதற்கு முன்பே படியுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் இந்த வாரமே படியுங்கள்.

இது நம் ஊர்களுக்கு மட்டும் நேர்ந்த சங்கடம் அல்ல. ஐ.நா. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019-இல் உலகம் முழுக்க உள்ள 15,906 உப்பகற்றும் நிலையங்களைக் கணக்கெடுத்தார்கள். அவற்றிலிருந்து நாளொன்றுக்கு 9.5 கோடி கனமீட்டர் நல்ல தண்ணீர் கிடைக்கிறது, 14.2 கோடி கனமீட்டர் உப்புநீர் வெளியேறுகிறது. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஒன்றரைக் குடம் உப்புநீர். பெருநகர நிலையங்களுக்குப் பக்கத்திலேயே கடல் இருக்கிறது, நீளமான குழாய் போடப் பணமும் இருக்கிறது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் சிற்றூருக்கு இரண்டுமே இல்லை. அந்த ஊர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உப்புக் கணக்கு

பின்பக்கத் தண்ணீரை என்ன செய்யலாம் என்று கேட்கும் முன் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். எவ்வளவு வருகிறது, அதில் எவ்வளவு உப்பு, உப்பைத் தவிர வேறென்ன.

எவ்வளவு என்பதை அறிய ஒரு 20 லிட்டர் கேனும் கைக்கடிகாரமும் போதும். மிஷின் ஓடத் தொடங்கி அரை மணி நேரம் கழிந்தபின், கழிவுக் குழாயில் கேனைப் பிடித்து எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள். முன் குழாயிலும் அதேபோல் பாருங்கள். மிஷினில் பொருத்திய ரோட்டாமீட்டர் காட்டுவதை நம்பி உட்கார வேண்டாம். சில வருடம் ஓடியபின் கண்ணாடிக்குள் படிவு ஏறி அது தவறாகக் காட்டுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

உப்புக்கு டி.டி.எஸ். மீட்டர். லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று அது காட்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா மாதிரியான கருவிகளில் பல, ஓரளவுக்கு மேல் உப்பு இருந்தால் காட்டாது. 10,000 வரை அளப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மீட்டர் இல்லாவிட்டாலும் தோராயமாகக் கணக்குப் போடலாம். போர்த் தண்ணீரில் லிட்டருக்கு 2,500 மில்லிகிராம் உப்பு, மிஷின் பாதியை நல்ல தண்ணீராக எடுக்கிறது என்றால், மீதிப் பாதியில் உப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகி 5,000 ஆகும். பத்தில் ஆறு பங்கு நல்ல தண்ணீராக எடுத்தால் மீதி நான்கு பங்கில் 6,250. மெம்பரேன் சிறிதளவு உப்பை முன்பக்கம் கசியவிடும் என்பதால் மெய்யான எண் இதைவிடக் கொஞ்சம் குறையும். திட்டம் போட இது போதும்.

இந்த 5,000 என்ற எண்ணோடு ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். அத்தியாயம் முழுக்க அதே ஊர்தான். நாளொன்றுக்கு 10,000 லிட்டர் போர்த் தண்ணீர் மிஷினுக்குள் போகிறது. 5,000 லிட்டர் நல்ல தண்ணீர் முன்னால் வருகிறது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் என்று வைத்தால் ஆயிரம் பேருக்குப் போதும். பின்னால் 5,000 லிட்டர் உப்புநீர். லிட்டருக்கு 5 கிராம் வீதம் அதில் இருக்கும் உப்பு 25 கிலோ. ஒரு நாளைக்கு! வருடத்துக்கு 9 டன்னுக்கு மேல், ஒரு லாரி நிறையும்.

இந்த லாரிக் கணக்கை ஊராட்சிக் கூட்டத்தில் உரக்கச் சொல்லுங்கள். தண்ணீரைக் கழுவலாம், ஊற்றலாம், ஆவியாக்கலாம். உப்பு கரைந்து மறைந்தது போலத் தெரியும், ஆனால் எங்காவது உட்கார்ந்திருக்கும். அது நாம் புதிதாக உண்டாக்கிய உப்பும் அல்ல. பூமிக்குள் பரந்து கிடந்ததை மேலே இழுத்து ஒரே இடத்தில் குவிக்கிறோம். இனி வரும் ஒவ்வொரு யோசனையிலும் இந்த 25 கிலோ எங்கே போய்ச் சேர்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லாத யோசனை, பிரச்சினையை வேறொருவர் நிலத்துக்குத் தள்ளும் யோசனை.

மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். உப்போடு கூட ஃபுளோரைடு, நைட்ரேட் எல்லாமே பின்பக்கம் அடர்ந்து வரும். போரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், அதாவது குடிநீருக்கான இந்தியத் தரநிலை விட்டுக்கொடுக்கும் கடைசி எல்லையில் இருந்தால், பின்பக்கத் தண்ணீரில் அது 3-ஐத் தொடும். கால்நடைக்கு 2-க்கு மேல் ஆகாது என்பது ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வழிகாட்டுதல். டி.டி.எஸ். மீட்டருக்கு இதெல்லாம் தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கழிவுக் குழாய்த் தண்ணீரையும் கொடுத்துப் பரிசோதியுங்கள். நல்ல தண்ணீரை மட்டும் பாட்டிலில் பிடித்துப் போவது வழக்கமாகிவிட்டது. இரண்டு பாட்டில் கொண்டுபோங்கள். முதல் வருடம் கோடையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை.

இன்னும் பிழியலாமா?

கழிவைக் குறைப்பதே நல்லதல்லவா என்று மிஷின் விற்பவர் கேட்பார். பின்பக்கத் தண்ணீரை இன்னொரு மெம்பரேனில் விட்டு மேலும் நல்ல தண்ணீர் எடுக்கலாம். நம் ஊரில் 5,000 லிட்டர் கழிவிலிருந்து 2,000 லிட்டர் கூடுதலாகக் கிடைக்கும் என்று வைப்போம். மிச்சம் 3,000 லிட்டர். அதே 25 கிலோ உப்பு இப்போது அதற்குள் இருக்கிறது: லிட்டருக்கு 8,300 மில்லிகிராம். ஆடு மாடு குடிக்கக்கூடியதாக இருந்த தண்ணீர் இப்போது அதற்கும் ஆகாது. கடினத்தன்மை மிகுந்த தண்ணீராக இருந்தால் சுண்ணாம்பும் சிலிக்காவும் இரண்டாவது மெம்பரேனில் படிந்து அதைக் கொன்றுவிடும்.

குடிக்கவே போதாத ஊர் பிழியட்டும். குடிக்கப் போதும், கழுவவும் துவைக்கவும்தான் தண்ணீர் இல்லை என்கிற ஊர் பிழியக் கூடாது. என் அனுபவத்தில் இரண்டாம் வகை ஊர்களே அதிகம்.

கொட்டகைக்குப் பக்கத்திலேயே முடிகிற வேலைகள்

நல்ல தண்ணீரைக் காப்பாற்ற எளிய வழி, நல்ல தண்ணீர் தேவைப்படாத வேலையிலிருந்து அதை விலக்குவது. குடம் விளக்க, பாத்திரத்துக்கு முதல் கழுவல், துணிக்கு முதல் அலசல், கழிப்பறைக்கு ஊற்ற, தரை கழுவ என எல்லாவற்றுக்கும் 5,000 டி.டி.எஸ். தண்ணீர் உதவும். சோப்பு நுரைக்காது என்பது உண்மை. கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் ஒரு வாளி வேண்டும். ஆனாலும் பள்ளிக்கூடக் கழிப்பறையும் பொதுக் கழிப்பறையும் தண்ணீர் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் ஊரில், பின்னால் 5,000 லிட்டர் வீணாக ஓடுவதைப் பார்க்க எனக்கு மனம் ஆறுவதில்லை. பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வருவதும் வராததும் அந்தக் கழிப்பறைக் கதவைப் பொறுத்திருக்கிறது.

இதற்கு வேண்டியது ஒரு சின்டெக்ஸ் தொட்டி, ஒரு மேடை, கொஞ்சம் பிவிசி குழாய். இரும்புக் குழாய் வேண்டாம். உப்பு தின்றுவிடும். வால்வும் திருகுக் குழாயும் பிளாஸ்டிக்கிலேயே இருக்கட்டும். தொட்டிக்கும் குழாய்க்கும் சிவப்பு வண்ணம் அடித்து, "குடிக்காதீர்" என்று எழுதுவதோடு குடிக்கக் கூடாது என்று காட்டும் ஒரு படமும் வரையுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகள்தான் விளையாடிவிட்டு ஓடிவந்து முதலில் கிடைக்கும் குழாயில் வாய் வைப்பார்கள். சிவப்புக் குழாயின் உயரத்தைப் பெரியவர் கைக்கு எட்டும்படி வையுங்கள்.

ஒரு வேலைக்கு மட்டும் கொடுக்காதீர்கள்: வீடு கட்ட. கான்கிரீட் கலக்கத் தண்ணீர் கேட்டுக் கொத்தனார் கண்டிப்பாக வருவார். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியக் கட்டுமானத் தரநிலை ஐ.எஸ். 456. நம் பின்பக்கத் தண்ணீர் அதைப் பலமடங்கு தாண்டும். கம்பி துருப்பிடித்து வீங்கி, பத்து வருடத்தில் கூரை பெயர்ந்து விழும். ஏழை வீட்டுக் கூரைதான் விழும், ஏனென்றால் இலவசத் தண்ணீரைத் தேடி வருபவர் அவர்தான்.

ஆடு மாடுகளுக்குக் கொடுப்பது பற்றி ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் மின்கடத்துத் திறனை வைத்து எல்லை வகுத்திருக்கிறது. டி.டி.எஸ். எண்ணை 640-ஆல் வகுத்தால் அந்த அலகு ஏறத்தாழக் கிடைக்கும். 5-க்குள் இருந்தால் கவலையில்லை. 5 முதல் 8 வரை மாடும் ஆடும் குடிக்கலாம், பழகாத மாட்டுக்கு முதலில் சில நாள் கழிச்சல் வரும், கோழிக்கு ஆகாது. 8-க்கு மேல் போனால் சினைமாட்டுக்கும் கன்றுக்கும் வைக்காதீர்கள். நம் ஊரின் 5,000 டி.டி.எஸ். இந்த அளவில் 7.8. விளிம்பில் நிற்கிறது. ஃபுளோரைடு சோதனை முடிவு கைக்கு வந்தபின்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும். பால்மாடு வைத்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஊற்றுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் செய்தால் பால் குறையும் ஒவ்வொரு நாளும் பழி உங்கள் மிஷின் மேல்தான்.

மீன், செடி, ஆடு: பிரேசில் ஊர்கள் செய்தது

இந்த அத்தியாயத்தில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இது.

பிரேசிலின் வடகிழக்கு மூலை நம் ராமநாதபுரத்தைப் போல வறண்ட பூமி. அடியில் கடும்பாறை. பாறை இடுக்கில் கிடைக்கும் தண்ணீரோ உவர். அங்கே 1990-களில் ஊர் ஊராக உப்பகற்றும் மிஷின்களை வைத்தபோது, பின்பக்கக் குழாயால் தரை பாழாகும் என்ற கவலை உடனே எழுந்தது. பெட்ரோலினா நகரில் இருக்கும் அரசு வேளாண் ஆய்வு நிறுவனமான எம்பிராப்பாவின் வறண்ட நிலப் பிரிவு இதற்கு ஒரு சங்கிலியை வடிவமைத்தது. 2004-இல் பிரேசில் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 'ஆகுவா தோசி' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கி அந்தச் சங்கிலியையும் அதில் சேர்த்துக்கொண்டது. பெயருக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் 'இனிப்பு நீர்'. நாம் 'நல்ல தண்ணி' என்கிறோமே, அதுதான்.

சங்கிலி இப்படிப் போகிறது. மிஷினின் கழிவுநீர் முதலில் மீன் தொட்டிக்குப் போகும். அதில் திலாப்பியா வளரும். நம் பக்கம் ஜிலேபிக் கெண்டை என்பார்கள். உப்பைத் தாங்கும் மீன். மீன் தொட்டியிலிருந்து அன்றாடம் வெளியேற்றும் தண்ணீரில் மீனின் கழிவு கலந்து உரச்சத்து ஏறியிருக்கும். அந்தத் தண்ணீர் வயலில் நிற்கும் அட்ரிப்ளெக்ஸ் என்ற ஆஸ்திரேலியப் புதருக்குப் பாயும். அங்கே அதற்கு 'உப்புச்செடி' என்றே பெயர். அது உப்பை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும். இலையை வெட்டி உலர்த்தி, வேறு தீவனத்தோடு கலந்து வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் போடுகிறார்கள். ஒரே தண்ணீர் குடிநீராக, மீனாக, தீவனமாக, கறியாக ஊருக்குத் திரும்புகிறது.

கேட்க அழகாக இருக்கிறது. அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியுமா? அவர்களே திட்டத்தில் சேர்ந்த எல்லா ஊரிலும் மீன் தொட்டியும் வயலும் வைக்கவில்லை. நிலமும் தண்ணீரின் அளவும் பார்த்துக்கொள்ள ஆளும் பொருந்தி வந்த ஊர்களில் மட்டும் வைத்தார்கள். அந்தப் பொறுமையையே நான் முதல் பாடமாக எடுத்துக்கொள்வேன். மற்றவற்றைக் கண்ணி கண்ணியாகப் பார்க்கலாம்.

மீன் தொட்டி. 5,000 டி.டி.எஸ். என்பது ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு. ஜிலேபிக் கெண்டைக்கு இது சுகமான தண்ணீர். 10 வரை கவலையின்றி வளரும். 15-ஐத் தாண்டினால் திணறும். ரோகு, கட்லா அவ்வளவு தாங்காது, அவற்றை இதில் விட வேண்டாம். ஆழத்திலிருந்து வரும் போர்த் தண்ணீரில் காற்று இருக்காது. கழிவுக் குழாயைத் தொட்டிக்குள் முக்கி வைத்தால் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். குழாயை உயர்த்தி, ஓட்டை போட்ட தகட்டின் மேல் விழச் செய்து, சிதறி விழும்படி வையுங்கள். முட்டை அழுகிய நாற்றம் அடிக்கும் போராக இருந்தால் ஒரு நாள் தனித் தொட்டியில் ஆறவிட்டுப் பிறகு மீனுக்கு விடுங்கள். தொட்டி கோடையில் ஆவியாகி உப்பு தானே ஏறும் என்பதால் வாரம் ஒருமுறை மீட்டரை முக்கிப் பாருங்கள்.

திலாப்பியா வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். ஏரி கண்மாய்க்குள் புகுந்தால் நாட்டு மீனை ஒழித்துவிடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு, நியாயமான கட்டுப்பாடு. மேம்படுத்திய கிஃப்ட் ரகக் குஞ்சுகளை அனுமதியோடு வாங்குங்கள். வெளியேறும் குழாயில் கண் சிறிய வலை கட்டுங்கள். இறால் வளர்க்கலாமே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். உள்நாட்டு உவர்நீரில் பொட்டாசியம் குறைவு. இறால் ஓடு மாற்ற முடியாமல் செத்துவிழும். ஹரியானாவில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் பொட்டாஷ் உரம் கலந்து இதைச் சரிசெய்து காட்டியிருக்கிறது. ஆனால் அது முழுநேரத் தொழில். குடிநீர் மிஷினை ஓட்டும் ஒரே ஆபரேட்டர் தலையில் இறாலையும் கட்டினால் இரண்டும் கெடும்.

செடி. அட்ரிப்ளெக்ஸுக்காக ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டியதில்லை. நம் கடற்கரையிலேயே உப்பில் பிறந்து உப்பில் வளரும் செடிகள் இருக்கின்றன. உமரியும் வங்காரவச்சியும் தெரியாத கடலோரத்துக்காரர் உண்டா? உமரிக் கீரையைக் கடைந்து உண்ட வீடுகள் இன்னும் இருக்கின்றன. வேதாரண்யத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உவர்நிலத் தாவரங்களுக்கென்றே ஒரு மரபணுத் தோட்டம் வைத்திருக்கிறது. எந்தச் செடி எந்த உப்புக்கு என்று முடிவு செய்யுமுன் ஊரிலிருந்து இரண்டு பேரை அனுப்பி அதைப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

தீவனம்தான் வேண்டும் என்றால் அருகம்புல்லும் சோளமும் பரவாயில்லை. மண்ணின் உப்பு, மேலே சொன்ன அதே மின்கடத்து அலகில் 7-ஐ நெருங்கும்வரை இவை இரண்டும் விளைச்சலைக் குறைக்காது. வெங்காயமும் அவரையும் 1-ஐத் தாண்டியதுமே தளரத் தொடங்கும். கவனியுங்கள், இது மண்ணின் உப்பு. வடிகால் நன்றாக இருந்தாலும் மண்ணில் உப்பு பாசனநீரில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்காவது நிற்கும். நம் ஊரின் 7.8 தண்ணீரை நேராகப் பாய்ச்சினால் மண்ணில் 12-ஐ நெருங்கிவிடும். சோளம் காய்ந்துபோகும், அருகு தாக்குப்பிடித்தாலும் குறையும். மழைக்காலத்தில் பண்ணைக்குட்டையில் தேங்கிய தண்ணீரைச் சரிபாதி கலந்தால் சோளமும் நிற்கும். கலக்கக் குட்டைத் தண்ணீர் இல்லாத மாதங்களில் உமரிக்கு மட்டும் பாய்ச்சுங்கள்.

மண் எது என்பதும் முக்கியம். கரிசலில் இந்தத் தண்ணீரைப் பாய்ச்சவே வேண்டாம். சோடியம் ஏறிக் களி இறுகி, தண்ணீர் இறங்காத பாறையாகிவிடும். பிறகு ஜிப்சம் போட்டு மீட்க வருடங்கள் ஆகும். மணற்பாங்கான நிலம் உப்பை வேரைத் தாண்டிக் கீழே இறக்கிவிடும். அப்படி இறக்கத்தான் தேவைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும். ஆனால் இறங்கிய உப்பு நிலத்தடி நீரில் சேரும். ஆகவே வயல், போருக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் ஊருணிக்கும் கீழ்ச்சரிவில், முடிந்தவரை தள்ளி இருக்க வேண்டும். எது கீழ்ச்சரிவு என்று ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள். பெருமழையில் தண்ணீர் எப்படி ஓடியது என்று அவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள்.

ஆடு. உப்புச்செடி இலையை மட்டும் போட்டு ஆடு வளர்க்க முடியாது. உப்பு அதிகம் என்பதால் ஆடு கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், அந்தத் தண்ணீரும் உவராக இருந்தால் எடை ஏறாது. சோளத்தட்டையோடும் கருவேல நெற்றோடும் கலந்து ஒரு பங்காகப் போட்டால் கோடைக்குக் கை கொடுக்கும்.

இனி நம் 25 கிலோவுக்கு வருவோம். மீன் உப்பை எடுக்காது. இலை எடுப்பது ஒரு பகுதிதான். பெரும்பகுதி மண்ணில் நிற்கும் அல்லது கீழே இறங்கும். பிரேசில் சங்கிலியால் உப்பு மாயமாகிவிடுகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது உப்பை மெல்லப் பரப்பி, பரப்பும் வழியில் ஊருக்குச் சோறும் காசும் தருகிறது. அதுவே பெரிய காரியம். ஆனால் வயல் மண்ணை வருடாவருடம் சோதித்து, எண் ஏறிக்கொண்டே போனால் வயலை மாற்றவோ ஓய்வு கொடுக்கவோ தயாராக இருக்க வேண்டும்.

ஆவியாக்கும் பாத்தி

நிலம் தரிசாகக் கிடக்கிறது, வெயிலுக்குப் பஞ்சமில்லை, பாத்தி கட்டி ஆவியாக்கிவிடலாம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெயிலில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புநீர் நல்ல தண்ணீரை விட மெதுவாக ஆவியாகும், அதனால் 3.5 என்று எடுப்போம். ஒரு சதுர மீட்டரில் மூன்றரை லிட்டர். 5,000 லிட்டருக்கு 1,430 சதுர மீட்டர், ஏறத்தாழ 35 சென்ட். ஒப்பந்தக்காரர் இதோடு நிறுத்திவிடுவார்.

ஐப்பசி பிறந்ததும் பாத்தி வழிந்து ஊருக்குள் ஓடும். ஏனென்றால் பாத்தியில் மழையும் பெய்கிறது. வருடம் முழுக்க ஆவியாவது 1,280 மில்லிமீட்டர், மழையாக விழுவது ஏறத்தாழ 800. மிஞ்சும் 480-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 94 சென்ட் வேண்டும். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவும் அடியில் தடித்த பாலித்தீன் விரிப்போடு. விரிப்பில்லாத பாத்தி, பெரிய அளவில் செய்த பழைய தவறுதான்.

அந்தச் செலவைப் பாதியாக்க நம்மிடம் ஒரு வழி உண்டு. மழை மாதங்களில் ஊருணி நிறைந்திருக்கும். அப்போது ஊருணித் தண்ணீரை வடிகட்டிக் குளோரின் போட்டுக் குடித்துக்கொண்டு மிஷினுக்கு ஓய்வு கொடுக்கலாம். மெம்பரேன் காயாமல் அதற்கான திரவத்தில் ஊறவைத்து மூடுங்கள். மிஷின் ஓடாத நாளில் உப்புநீரும் இல்லை. ஊருணியைத் தூர்வாரிக் காக்கும் ஊருக்குப் பாத்தி சிறியதாகவே போதும். குடிநீர் மிஷின் வந்துவிட்டது என்று ஊருணியைக் கைவிட்ட ஊர்களைப் பார்க்கும்போது எனக்கு வரும் வருத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

பாத்தியில் படியும் உப்பை விற்கலாமா? சமையலுக்கு விற்கக் கூடாது. ஃபுளோரைடு முதலான எல்லாமே அதில் இருக்கும், அயோடின் சேர்க்காத உப்பை உண்ண விற்பதும் சட்டப்படி குற்றம். சாக்கில் கட்டி, மழை படாத மேடையில் அடுக்கி, தோல் பதனிடுவோர் போன்றவர்கள் கேட்டால் சோதனைச் சீட்டோடு கொடுங்கள்.

கடல்நீரையே எடுத்து உப்பகற்றும் கடலோர ஊருக்கு நிலைமை வேறு. அவர்களுக்கு உப்பளம் பக்கத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். பத்துக் குடம் கடல்நீர் ஒரு குடமாகச் சுண்டும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும், அதற்கு ஒன்பது குடம் ஆவியாக வேண்டும். மிஷின் நான்கு குடம் நல்ல தண்ணீரை எடுத்துவிட்டு ஆறு குடத்தைக் கொடுத்தால் ஐந்து குடம் ஆவியானால் போதும். வெயில் செய்ய வேண்டிய வேலையில் நான்கு குடத்தை மிஷின் செய்துவிட்டது. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் பக்கத்து உப்பளக்காரர்களோடு இதைப் பேச முடியும். 25 கிலோ எங்கே போகிறது என்ற கேள்விக்கு முழுப் பதில் சொல்லும் வழி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

தனியாக வைக்க வேண்டிய ஒரு தொட்டி

மெம்பரேனை அமிலத்தாலும் காரத்தாலும் கழுவும் நாளில் வரும் தண்ணீர் மேலே சொன்ன எந்த வழிக்கும் போகக் கூடாது. அதைத் தனித் தொட்டியில் பிடித்து, அமிலக் கழுவலையும் காரக் கழுவலையும் ஒன்றோடொன்று மெல்லக் கலந்து, லிட்மஸ் தாள் நடுநிலை காட்டியபின் விரிப்புப் போட்ட பாத்திக்கு மட்டும் அனுப்புங்கள். கழிவுக் குழாயில் ஒரு மூன்றுவழி வால்வு வைத்தால் இது எளிது. வால்வைத் திருப்ப மறந்த ஒரு நாள் மீன் தொட்டி முழுவதையும் கொன்றதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கழுவும் நாளன்று கொட்டகைக் கதவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டும் வழக்கத்தை அதன்பின் அந்த ஊர் வைத்துக்கொண்டது. இன்றும் கட்டுகிறார்கள்.

யார் எழுதுவது

பிரேசில் திட்டத்தில் எனக்குப் பிடித்த இன்னொன்று, ஊரோடு ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்வது. மிஷினை யார் ஓட்டுவது, தண்ணீரை எப்படிப் பங்கிடுவது, செலவை எப்படிச் சமாளிப்பது என்று ஊரார் கூடிப் பேசி எழுதுகிறார்கள். நம் கிராம சபையில் இதைச் செய்யத் தடை ஏதும் இல்லை. பின்பக்கத் தண்ணீரில் யாருக்கு உரிமை என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இன்று யாரும் சீண்டாத தண்ணீர், மீன் வளரத் தொடங்கிய மறுமாதம் சண்டைக்குக் காரணமாகும். சுய உதவிக் குழுவுக்கு மீன், ஆடு வைத்திருக்கும் நிலமில்லாத வீடுகளுக்குத் தீவனம், பள்ளிக்குக் கழிப்பறைத் தண்ணீர் என்று முன்பே பிரித்துவிட்டால், பிறகு பணம் உள்ளவர் மோட்டார் போட்டு இழுக்க முடியாது.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். ஆபரேட்டர் தினமும் முன்குழாய் லிட்டர், பின்குழாய் லிட்டர், இரண்டின் டி.டி.எஸ். எழுதட்டும். வாரம் ஒருமுறை மீன் தொட்டியின் உப்பு. மாதம் ஒருமுறை, அதே தேதியில், மிஷின் போர், பக்கத்து இரண்டு கிணறு, ஊருணி ஆகிய நான்கின் டி.டி.எஸ். கிணற்று எண் மூன்று மாதம் தொடர்ந்து ஏறினால் பின்குழாய்த் தண்ணீரை அந்தத் திசையில் விடுவதை அன்றே நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். மிஷின் புதிதாக வரப்போகிற ஊராக இருந்தால், அது ஓடத் தொடங்கும் முன்பே இந்த நான்கையும் அளந்து, தேதி போட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, ஊராட்சித் தலைவரும் ஆபரேட்டரும் கையெழுத்துப் போடட்டும். பிற்பாடு எந்த எண்ணோடு ஒப்பிடுவது என்ற கேள்வி வரும்போது அந்தப் பக்கத்தைத்தான் புரட்ட வேண்டியிருக்கும்.